வெள்ளை காட்டும் பாறை

மலைநாட்டு வான்பறப்புக் கழகம்,
திருகோணமலை வீதி, கண்டி.
3 பெப்ரவரி 1936

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி தனபாலன் உயிரோடுதான் இருக்கிறான். பத்து மாதமாக எழுதாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு ஆகாயத்தில் வேலை தேடிப் போய்விட்டான் என்று நீ ஊருக்கெல்லாம் எழுதினாயாம். அது உண்மைதான், அதனால் கோபிக்கவில்லை.

கழகம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதே. குண்டசாலையில் ஒரு புல்வெளி, அதில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு சின்ன விமானம். கப்டன் மெர்வின் என்ற வெள்ளைக்காரர் பின் இருக்கையிலிருந்து ஓட்டுகிறார். முன் இருக்கையில் ஒரு பயணி. சனி, ஞாயிறுகளில் யார் வேண்டுமானாலும் வந்து பறக்கலாம். வானம் துரைமாருக்கு மட்டும் எழுதிக் கொடுத்த சொத்து இல்லை என்று கடைக்காரருக்கும் கிளாக்கருக்கும் வாத்தியாருக்கும் எடுத்துச் சொல்லி, அவர்களை ஏற்றிவிடுவதுதான் என் வேலை. ‘காசுள்ளவனுக்குக் கார், மனமுள்ளவனுக்கு வானம்’ என்று துண்டுப்பிரசுரம் அடித்துக் கடைத்தெருவெல்லாம் ஒட்டியிருக்கிறேன்.

ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கிறவர்கள்தான் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு போய், மூடியபடியே இறங்குகிறார்கள். போன ஞாயிறு வழக்குப் பேசுகிற ஒரு புரக்டர் ஐயா முருகனைக் கூப்பிட்ட சத்தம் இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டதாம். எப்படி இருந்தது என்று நாலு பேர் கேட்டால் அவர் என்ன சொல்வார்?

கப்டன் ஒரு யோசனை சொன்னார். பயந்த மனிதன் மலையையும் பார்க்க மாட்டான், ஆற்றையும் பார்க்க மாட்டான். ஆனால் தன்னைப் பார்த்துக் கையசைக்கிறவனைக் கட்டாயம் பார்ப்பான், பதிலுக்குக் கையும் அசைப்பான். அவர் விமானத்தைத் திருப்புகிற இடம் எது தெரியுமா? உங்கள் தோட்டத்துக்கு மேலே நிற்கும் அந்த மொட்டைப் பாறை. அக்கா, சனி, ஞாயிறு காலை பத்து மணிக்கு ஓர் ஆளை அங்கே ஏற்றி, ஒரு வெள்ளைத் துணியை வீசிக் காட்டச் செய். நீ பள்ளிக்கூடத்து டீச்சர், சொன்னால் தோட்டத்தில் யார் மறுக்கப் போகிறார்கள்?

மருந்துச்சாலையில் அத்தான் சுகம்தானே? இராஜரத்தினம் டிஸ்பென்சரின் மச்சான் என்று சொன்னால் இங்கே எனக்கும் கொஞ்சம் மதிப்பு.

அன்புத் தம்பி,
தனபாலன்


தோட்டப் பாடசாலை,
ஹுன்னஸ்கிரிய.
6 பெப்ரவரி 1936

தம்பிக்கு,

பத்து மாதம் கழித்து வந்த கடிதத்திலும் ஒரு வேலைதான் வந்திருக்கிறது. இருக்கட்டும்.

நீ கடைசியாக இங்கே வந்தபோது பஸ்ஸின் உட்பக்கமாக உட்கார்ந்து, பள்ளத்தாக்கைப் பார்க்காமல் முழங்காலுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வந்தவன். சின்ன வயதில் கிணற்றை எட்டிப் பார்க்கவும் என் கையைப் பிடித்தவன். நீ சனங்களை ஆகாயத்துக்கு ஏற்றிவிடுகிறாயாம்! நீ ஒரு தடவையாவது பறந்தாயா என்று கடிதத்தை மூன்று முறை வாசித்துத் தேடினேன். ஒரு வரி இல்லை. ஊருக்குத்தான் உபதேசமோ?

ஆனாலும் உன் வயிற்றுப்பாடு. தேயிலைக் கொழுந்து எடுக்கிற மாக்காயியைக் கூப்பிட்டுச் சொன்னேன். நல்ல திடமான மனுஷி, அந்தப் பாறைக்கு விறகு பொறுக்கப் போய்ப் பழகியவள். சொன்னதும் அவள் முகம் மாறியது. “வெள்ளையா, டீச்சரம்மா?” என்று இரண்டு தடவை கேட்டாள். மற்ற நிறம் மேலிருந்து தெரியாது என்றேன். தலையாட்டினாள். என் கட்டில் விரிப்பு ஒன்றைக் கொடுத்தேன், மூலையில் சிவப்பு நூலால் என் பெயரின் முதலெழுத்துத் தைத்தது. கிழித்துவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அத்தான் சுகம். உன் கடிதத்தை வாசித்துச் சிரித்தார். தனக்கும் ஒரு நாள் பறக்க ஆசை என்கிறார். அந்த ஆசையை வளர்த்துவிடாதே.

தவமணி


கண்டி, 10 பெப்ரவரி 1936

என் தங்கமான அக்காவுக்கு,

வெற்றி! இரண்டு நாளும் பதினொரு பேர் ஏறினார்கள். ஒருவரும் கண்ணை மூடவில்லை. இறங்கியதும் எல்லாருக்கும் ஒரே பேச்சு, பாறையில் நின்று கையசைத்த மனுஷியைப் பற்றி. கெலிஓயாவில் புடவைக்கடை வைத்திருக்கும் பஹ்மி நானாவைத்தான் முதலில் ஏற்றினேன். கெட்டிக்கார வியாபாரி, எளிதில் எதையும் புகழாதவர். இறங்கியபின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். “தம்பி, என்னயப் பாத்துத்தான் காட்டினாங்க. வேற ஆருக்கும் இல்ல” என்றார்.

உடனே புதிய பிரசுரம் அடிக்கக் கொடுத்துவிட்டேன். ‘மேலே வாருங்கள், உங்களுக்காக ஒருவர் கையசைக்கிறார்.’ எப்படி? நான் எழுதியதிலேயே இதுதான் நல்ல வரி.

மாக்காயிக்கு என் நன்றியைச் சொல். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பெண்ணையும் கூட்டிவந்தாளாமே, அது அவள் புத்திசாலித்தனம். இரண்டு பேர் நின்றால் இன்னும் நன்றாகத் தெரிகிறது என்று கப்டன் சொல்கிறார்.

நான் பறந்தேனா என்று கேட்டிருந்தாய். வேலை அதிகம், அக்கா. பந்தி பரிமாறுகிறவன் கடைசியில்தானே சாப்பிட வேண்டும்?

தனபாலன்


ஹுன்னஸ்கிரிய, 13 பெப்ரவரி 1936

தம்பிக்கு,

நீ எழுதியதில் ஏதோ பிழை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாக்காயி போகவே இல்லை. இரண்டாவது பெண்ணும் இல்லை.

சனிக்கிழமை பத்தரை மணிக்கே திரும்பி ஓடிவந்துவிட்டாள். காலெல்லாம் அட்டை, அதைத் தட்டிவிடவும் நினைவில்லை. விரிப்பை என் கையில் திணித்தாள். முதல் விமானம் வந்தபோது நான் சொன்னபடியே வீசிக் காட்டினாளாம். விமானம் போனபின் திரும்பிப் பார்த்தால், பாறையின் மறு ஓரத்தில் இன்னோர் ஆள் நிற்கிறதாம்.

“முதுகுதான் தெரிஞ்சது டீச்சரம்மா. நா காட்டுன மாதிரியே அதுவும் காட்டுச்சு. நா நிறுத்திட்டேன், அது நிறுத்தல.”

இனிப் பாறைக்கு ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. வேறு யாரையும் அனுப்பவுமில்லை. விரிப்பைத் தோய்த்துக் காயவைத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன், திறப்பு என் இடுப்பில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் பயணிகள் யாரைப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாறைக்கு ஏற ஒரே பாதைதான், அது எங்கள் பள்ளிக்கூட வாசலால்தான் போகிறது. அன்று காலை முழுவதும் நான் வாசலில் இருந்து கொப்பி திருத்தினேன். ஒருவரும் ஏறவில்லை.

அந்தப் பிரசுரத்தை நிறுத்து.

தவமணி


கண்டி, 17 பெப்ரவரி 1936

அன்புள்ள அக்காவுக்கு,

நீ படிப்பித்துப் படிப்பித்துப் பயந்தவளாகிவிட்டாய். மறு ஓரத்தில் நின்றது பக்கத்துத் தோட்டத்து ஆளாக இருக்கும். விமானம் பார்க்க ஆருக்குத்தான் ஆசை இல்லை? நீ பார்க்காத காட்டுப் பாதை ஒன்றும் இருக்கும். சும்மா வந்து வேலை செய்கிறவரை ஏன் துரத்த வேண்டும்?

இந்தக் கிழமை பத்தொன்பது பேர். கொட்டகை வாசலில் வரிசை நிற்கிறது. ‘மனுஷி நிற்பாளா’ என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். நின்றாள். கப்டனும் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அத்தானுக்கு ஓர் அனுமதிச்சீட்டு இத்துடன் வைத்திருக்கிறேன், அடுத்த சனிக்கிழமைக்கு. உன்னை ஏற்றினால் கத்துவாய், அவரை ஏற்றினால் ஒரு படித்த மனிதரின் சாட்சி கிடைக்கும். அவரே வந்து உனக்கு உண்மையைச் சொல்வார், பார்.

தனபாலன்


ஹுன்னஸ்கிரிய, 27 பெப்ரவரி 1936

தம்பி,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து விளங்காவிட்டால் இரண்டு முறை வாசி.

அத்தான் சனிக்கிழமை பறந்துவிட்டு மாலை பஸ்ஸில் வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். நன்றாக இருந்தது என்றார். அவ்வளவுதான். பழக்கமான வீட்டில் விருந்தாளி இருப்பதுபோல் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சாரம், தொப்பி, சப்பாத்தெல்லாம் சேறு. கெலிஓயாவிலிருந்து வருகிறேன், பெயர் பஹ்மி என்றார். நீ எழுதிய அதே மனிதர். மிகவும் மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“தங்கச்சி, ஜனாஸா எத்தன மணிக்கு எடுக்கிற?”

இங்கே ஒருவரும் சாகவில்லை, வேறு தோட்டமாக இருக்கும் என்றேன். என்னை ஒரு பரிதாபத்தோடு பார்த்தார், துக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தவர்போல. பிறகு பாதையைக் கேட்காமலே பாறைக்கு ஏறிப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்தார்கள், ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள். ஒருவர் அரசாங்க உத்தியோகம், கண்டிக் கச்சேரிக் கிளாக்கர். எத்தனை மணிக்கு எடுப்பு என்றே அவர்களும் கேட்டார்கள்.

அன்று மத்தியானம் சோற்றில் கை வைத்த அத்தான், பிசையாமலே என்னைப் பார்த்தார்.

“தவம், எத்தனை மணிக்கு எடுப்பினம்?”

தம்பி, அந்தச் சோற்றை நான் இன்னும் கொட்டவில்லை.

நேற்றுக் காலை துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறிப் போனார். மருந்துச்சாலைக்கு வெளியே நோயாளிகள் நிற்கிறார்கள், பூட்டியிருக்கிறது. தோட்டத் துரையிடம் அழுது இரண்டு காவல்காரரை அனுப்பினேன். அவர்கள் திரும்பிவந்து, ஐயா நன்றாகத்தான் இருக்கிறார், அமைதியாகப் பேசினார், ஆனால் இன்னும் எடுக்கவில்லையே, எப்படி எழுந்து வருவது என்கிறார் என்று சொன்னார்கள்.

உன் விமானத்தை நிறுத்து. அவர் எதைப் பார்த்தார் என்று எனக்குச் சொல்.

தவமணி


கண்டி, 2 மார்ச் 1936

அக்காவுக்கு,

நான் சும்மா இருக்கவில்லை. கெலிஓயாவுக்குப் போனேன். பஹ்மி நானாவின் கடை பூட்டியிருக்கிறது. வீட்டில் அவர் மனைவி ஸுலைஹா திரைக்குப் பின்னால் நின்று பேசினார். மையத்து வீட்டுக்குப் போனவர் இன்னும் வரவில்லை என்றார். யார் செத்தது என்று கேட்டேன். “எங்களுக்குச் சொல்லல்ல. வெள்ளை உடுத்துக்கிட்டுப் போனாரு” என்றார்.

சரி, விசித்திரம்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறங்கினவர்கள் எல்லாரும் போகவில்லையே? ஐம்பது அறுபது பேரில் ஏழெட்டுப் பேர். மலையில் காற்று வாங்கப் போயிருப்பார்கள், பசித்தால் இறங்குவார்கள். நேற்றுப் பறந்தவர்கள் சொல்கிறார்கள், இப்போது பாறையில் ஏழு பேர் கையசைக்கிறார்களாம். சனங்கள் அதைக் கேட்டு இன்னும் வருகிறார்கள். நான் என்ன செய்யட்டும்? கழகத்துப் பெரியவர்கள் முதல்முறையாக என் தோளில் தட்டினார்கள். ஏப்ரலில் மழை பிடித்தால் பறப்பு தானாக நின்றுவிடும். ஆறு கிழமை பொறு.

கப்டனிடம் நிறுத்தலாமா என்று ஒரு வார்த்தை கேட்டும் பார்த்தேன்.  பாறையில் திருப்பும்போது அந்தப் பக்கம் பார்ப்பதை அவர் விட்டுவிட்டார். ஏன் என்றதற்கு, அழைப்பு தனக்கு இல்லை என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை.

தனபாலன்


ஹுன்னஸ்கிரிய, 9 மார்ச் 1936

தனபாலனுக்கு,

ஆறு கிழமை பொறுக்கச் சொல்கிறாய். உன் மனைவி அந்தப் பாறையில் இருந்தால் ஆறு மணித்தியாலம் பொறுப்பாயா? உனக்கு மனைவியும் இல்லை, மனமும் இல்லை.

நேற்று ஞாயிறு நானே ஏறினேன். எட்டுப் பேர் இருக்கிறார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, செத்தவீட்டில் இருப்பதுபோல் தரையில் இரண்டு வரிசையாக இருக்கிறார்கள். பன்னிரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை, ஆனால் ஒருவரும் மெலியவில்லை. இரண்டு வரிசைக்கும் நடுவில் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். ஆறடி இருக்கும். புல்லெல்லாம் பிடுங்கித் துப்புரவாக வைத்திருக்கிறார்கள். அத்தானின் கையைப் பிடித்து இழுத்தேன். அன்பாகத்தான் கையை விடுவித்தார்.

“இரு தவம். இன்னும் ஆள் வரேல்லை.”

அப்போது உன் விமானம் வந்தது. எல்லாரும் எழுந்து மேலே பார்த்துக் கையசைத்தார்கள், வெறுங்கையால். துணி ஒருவர் கையிலும் இல்லை. மறு ஓரத்தில் நான் யாரையும் காணவில்லை. ஆனால் ஈரத்துணியை உதறும் சத்தம், விமானம் மறையும்வரை, என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

கீழே வந்து மாக்காயியின் லயத்து வீட்டு வாசலில் விழுந்தேன். அவள் என்னைத் தூக்கி இருத்தி, அப்போதுதான் சொன்னாள். இந்தத் தோட்டத்தில் யாராவது செத்தால் மேற்பிரிவுக்கு ஆள் அனுப்புவதில்லை. ஒன்பது மைல் நடை. அதனால் பாறையில் ஏறி வெள்ளை காட்டுவார்களாம். பார்த்தவர்கள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வரவேண்டும். சாவு இல்லாமல் வெள்ளை காட்டக் கூடாது.

“எழவு சொன்னா வரணும். வந்தவங்க பொணத்த எடுக்காம எந்திரிக்கக் கூடாது. நா பொய் எழவு சொல்லிட்டேன், டீச்சரம்மா. அதத்தான் அது புடிச்சுக்கிச்சு.”

பார்த்தவர்களில் சிலர் மட்டும் ஏன் வருகிறார்கள் என்று கேட்டேன். பதிலுக்குக் கையசைத்தவர்கள்தான் வருவார்கள், அது வருகிறோம் என்று வாக்குக் கொடுத்த மாதிரி என்றாள். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றேன். “வெள்ளையான்னு ரெண்டு வாட்டி கேட்டேனுங்களே” என்றாள்.

கேட்டாள்தான். நான்தான் அவளைக் கேட்கவில்லை. ஆறு வருடம் இவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பித்தவளுக்கு, இவர்கள் எப்படிச் சாவு சொல்கிறார்கள் என்பது தெரியவில்லை. யாழ்ப்பாணத்துப் படிப்பு எனக்குக் கொடுத்தது இதுதான். நீ கேட்டாய், நான் ஏவினேன், அவள் காட்டினாள்.

நீ இன்னும் ஒரு தடவைகூடப் பறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பயத்தில் பறக்கவில்லை. எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டு நீ கொட்டகை நிழலில் நிற்கிறாய். ஒரு முறை ஏறு. ஏறி, என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று உன் கண்ணால் பார். என் மனிசனை எனக்குத் திருப்பித் தா. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

தவமணி


கண்டி, 15 மார்ச் 1936

அக்கா,

நேற்றுப் பறந்தேன்.

நீ சொன்னது சரி. இத்தனை நாளும் பயம்தான். கொட்டகைக்குப் பின்னால் போய் இரண்டு முறை சத்தி எடுத்தேன். கப்டன் என் இருக்கை வாரை இறுக்கிவிட்டார்.

ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டேன், அந்தப் புரக்டரைப் போலவே. மகாவலியையும் பார்க்கவில்லை, கண்டியையும் பார்க்கவில்லை. விமானம் ஒரு பக்கம் சாய்ந்தபோது பாறைக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்தது. உன்னை நினைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தேன்.

எட்டுப் பேரையும் பார்த்தேன். அத்தான் மூன்றாவதாக இருந்தார். நன்றாக இருக்கிறார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவிலே அந்த இடம். மேலேயிருந்து பார்த்தால் அது மிகவும் சுத்தமாக, விருந்தாளிக்கு விரித்த பாயைப்போல் தெரிகிறது.

மறு ஓரத்தில் நின்று வெள்ளை காட்டுகிறவரையும் பார்த்தேன். விமானம் பாறையைச் சுற்றியது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் முதுகுதான் தெரிந்தது, அக்கா. துணியின் மூலையில் ஏதோ சிவப்பாக இருந்தது. உன் விரிப்பு அலுமாரியில் இருக்கிறதா?

என் கை தானாக உயர்ந்தது. அசைக்கக் கூடாது என்று உன் கடிதத்தில் வாசித்தவன்தான். மடியில் அமுக்கிப் பார்த்தேன், முடியவில்லை. நான் அசைத்ததும் எட்டுப் பேரும் இருந்த இடத்தில் கொஞ்சம் விலகி இருந்தார்கள், வருகிறவருக்கு வழிவிடுவதுபோல. அப்போது எனக்கு விளங்கிவிட்டது. அவர்கள் விமானத்தைப் பார்த்துக் கையசைக்கவில்லை. இத்தனை நாளும் நான் ஏறுவேனா என்று பார்த்திருந்தார்கள்.

வேறு யார் வருவது? மாக்காயி ஏவின வேலையைச் செய்தாள். நீ தம்பி கேட்டான் என்று செய்தாய். ‘உங்களுக்காக ஒருவர் கையசைக்கிறார்’ என்று ஆயிரம் தாள் அச்சடித்து ஒட்டினவன் நான். விளம்பரம் செய்தவன் சரக்கைக் கொடுக்க வேண்டும். இழவு என்று சொல்லி ஆட்களைக் கூப்பிட்டுவிட்டு வெறும் இடத்தைக் காட்டினால் அது மோசடி.

பிரசுரங்களை இன்று என் கையாலேயே கிழித்தேன். கழகத்தில் ராஜினாமாக் கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நீ வாசலுக்கு வராதே. அத்தானுக்கு வெந்நீர் வைத்து, சோறு ஆக்கி வை.

ஒன்று சொல்ல மறந்தேன். திரும்பும்போது கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். ஆறு, வயல், கண்டி வாவி, எல்லாம் எவ்வளவு அழகு தெரியுமா? மூன்று மாதமாகப் பிரசுரங்களில் நான் எழுதியதெல்லாம் உண்மைதான். எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

உன் தம்பி


ஹுன்னஸ்கிரிய, 18 மார்ச் 1936, காலை

என் தம்பிக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. உன் சட்டைப் பையில் வைக்கப் போகிறேன்.

உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில்தான் வந்தது. பள்ளிக்கூடத்தை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். பஸ் போய்விட்டது. நீ பாறைக்குக் கீழ் வளைவில் இறங்கினாய் என்று கடைக்காரர் சொன்னார். வழியெல்லாம் மிதிபலகையில், பள்ளத்தாக்குப் பக்கமாக நின்று, பார்த்துக்கொண்டு வந்தாயாம். விழுந்துவிடுவாய் என்று கொண்டக்டர் சத்தம் போட்டதற்குச் சிரித்தாயாம். நீ வாசலுக்கு வராமல் காட்டால் ஏறிவிட்டாய். நீ சொன்ன காட்டுப் பாதை உண்மையாகவே இருந்திருக்கிறது.

நாலு மணிக்கு அத்தான் படியேறி வந்தார். கூடவே மற்ற ஏழு பேரும் இறங்கிப் போனார்கள். எல்லாரும் நனைந்திருந்தார்கள், இங்கே மழை பெய்யவில்லை. பசிக்கிறது என்றார். என்ன நடந்தது என்று உலுக்கினேன். யோசித்து யோசித்துச் சொன்னார்.

“ஆள் வந்திட்டுது, இனிப் போகலாம் எண்டிச்சினம்.”

யார் வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. முகம் மூடியிருந்ததாம்.

மாக்காயியும் நாலு ஆட்களும் நானும் ஏறினோம். அந்த இடத்தில் நேராகப் படுத்திருந்தாய். அளவு சரியாக இருந்தது. சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் சோடியாக வைத்திருந்தாய். உடம்பில் ஒரு கீறல் இல்லை, கண் திறந்திருந்தது. உன்மேல் என் விரிப்புப் போர்த்தியிருந்தது, மூலையில் சிவப்பு நூலோடு. வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். பூட்டு பூட்டியபடி, திறப்பு என் இடுப்பில். உள்ளே விரிப்பு இல்லை.

நான் கேட்டது என் மனிசனை. அதற்கு உன்னைக் கொடுப்பாய் என்று நினைக்கவில்லை என்று எழுத வந்தேன். அது பொய். ஏறு என்று எழுதியபோது என் மனதின் ஏதோ ஒரு மூலை நினைத்தது. கோபத்தில் நினைத்தது, ஆனால் நினைத்தது. நீ கிணற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை. அந்தக் கையை நான்தான் உதறினேன். அதை யாரிடம் போய்ச் சொல்வேன்? அத்தான் உள்ளே நித்திரை கொள்கிறார். அவர் மூச்சு விடும் சத்தம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

கழகத்துக்கு நேற்றே தந்தி அடித்தேன். இனிப் பறப்பு இல்லை, விமானத்தைக் கொட்டகையில் பூட்டிவிட்டேன் என்று கப்டன் பதில் அனுப்பியிருக்கிறார். உன்னைப் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தார்: கடைசியில் அவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

மேற்பிரிவு ஆட்களுக்குச் சாவு சொல்ல வேண்டும். மாக்காயி வாசலில் நிற்கிறாள். துணியை நான்தான் பிடிக்க வேண்டுமாம். பொய்யாகக் காட்டச் சொன்னவளே உண்மையாகக் காட்டினால்தான் அது ஓயும் என்கிறாள். வானத்தில் ஒன்றும் இல்லை, மூன்று தரம் வெளியே வந்து பார்த்துவிட்டேன். விரிப்பு இன்னும் ஈரமாகவே இருக்கிறது. ஏறப் போகிறேன், தம்பி. இந்த முறை உனக்காக ஒருவர் கையசைக்கிறார்.

எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு என்று எல்லாரும் கேட்டார்களே. நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறோம்.

அக்கா